மலை ஏறினால் ஆட்டோமேட்டிக் கார் உதறுவது ஏன்? கியர் பாக்ஸை ‘டியூன்’ செய்தால் சரியாகுமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை பெரிதாக மேடு பள்ளம் இல்லை. ஆட்டோமேட்டிக் கார் எந்தக் குறையும் சொல்லாமல் ஓடும். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறத் தொடங்கியதும்தான் அதன் சுயரூபம் தெரியும். வளைவில் மிதித்தால் ஒரு நொடி யோசிக்கும், பிறகு கியரைக் குறைத்து ஒரு உதறு உதறும். வளைவு முடிந்ததுமே அவசரப்பட்டு கியரை ஏற்றிவிட்டு, அடுத்த ஏற்றத்தில் மறுபடி திணறும். ‘டெஸ்ட் டிரைவ் பண்ணப்போ இப்படி இல்லையே’ என்று ஓட்டுபவர் குழம்பிப்போவார்.

இந்தக் குழப்பத்துக்கு டியூனிங் கடைகளில் மருந்து ரெடியாக இருக்கிறது. ரீமேப், கியர் பாக்ஸ் டியூன், எக்ஸ்ட்ரா கூலர் என்று வரிசையாகச் சொல்வார்கள். இதெல்லாம் வேலைக்கு ஆகுமா என்றால், சில கியர் பாக்ஸ்களுக்கு ஆகும். உங்கள் காரில் இருப்பது எது என்று தெரியாமல் கை வைத்தால் காசும் போகும், கியர் பாக்ஸும் போகும்.

பேர் ஒன்று, பொருள் நான்கு

இந்தியாவில் ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் நான்கு வகை கியர் பாக்ஸ்கள் விற்கப்படுகின்றன. பட்ஜெட் கார்களில் அதிகம் இருப்பது ஏஎம்டி. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோவில் அறிமுகமானது, இத்தாலியின் மேக்னெட்டி மரெல்லி தொழில்நுட்பம். உண்மையில் இது மேனுவல் கியர் பாக்ஸ்தான். அதே கிளட்ச் பிளேட், அதே பல்சக்கரங்கள். நம் இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஒரு சின்ன மோட்டாரும் கம்ப்யூட்டரும் செய்கின்றன, அவ்வளவுதான். கியர் மாறும் நேரத்தில் எஞ்சினின் இழுவை அறுந்துபோவதால்தான் அந்தத் தலையாட்டல். அது கோளாறு அல்ல, அதன் குணம்.

டார்க் கன்வெர்ட்டர் வகையில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைப்பது ஆயில். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஹைட்ராமேட்டிக் காலம் தொட்டே ஆட்டோமேட்டிக்கில் ஆயில்தான் ராஜா. சிவிடி-யில் பல்சக்கரப் படிகளே கிடையாது, இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு இரும்பு பெல்ட். டிசிடி-யில் இரண்டு கிளட்ச்கள். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அடுத்த கியரைத் தயாராக வைத்திருக்கும். இதிலும் ஆயிலில் நனைந்த கிளட்ச், உலர் கிளட்ச் என்று இரண்டு பிரிவு. மலைப்பாதையில் இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

எதிரி சூடுதான்

கல்வராயன் மலை சுமார் 2,000 முதல் 3,000 அடி உயரம். ஊட்டி, கொடைக்கானலோடு ஒப்பிட்டால் சின்ன மலைதான். ஆனால் கியர் பாக்ஸுக்கு உயரத்தைவிட வேகம்தான் பிரச்சினை. குறுகிய வளைவு, எதிரே பஸ், ஓரத்தில் பெயர்ந்துபோன ரோடு. இந்த மலை மக்களின் வாழ்வாதாரம் பற்றி சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தாமாக முன்வந்து எடுத்த வழக்கில் சாலை வசதியும் பேசுபொருளானது. இப்படிப்பட்ட பாதையில் கார் முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்துகொண்டே இருக்கும். எஞ்சின் நன்றாகச் சுற்றும், ஆனால் முன்னால் காற்று வராது. அந்த நேரத்தில் கிளட்ச் வழுக்கும், டார்க் கன்வெர்ட்டரில் ஆயில் கலங்கும், இரண்டுமே சூடாகும்.

ஏற்றத்தில் எதிரே பஸ் வந்து நிற்க வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை அந்தரத்தில் நிறுத்துவது பலருக்குப் பழக்கம். ஏஎம்டி-யிலும் உலர் கிளட்ச் டிசிடி-யிலும் இதைவிட மோசமான பழக்கம் வேறு இல்லை. பாதி பிடித்தும் பிடிக்காமலும் கிளட்ச் தேய்ந்துகொண்டே இருக்கும். சில கார்களில் டிஸ்ப்ளேயிலேயே ‘டிரான்ஸ்மிஷன் சூடாகிவிட்டது, நிறுத்து’ என்று எச்சரிக்கை வரும். எச்சரிக்கை வராத கார்களில் கருகல் வாடைதான் எச்சரிக்கை.

சூட்டோடு ஈரப்பதமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஃபோக்ஸ்வேகன் தனது 7 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர் பாக்ஸ் உள்ள சுமார் 16 லட்சம் கார்களை 2013 நவம்பரில் உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரமும் அதிகமான ஊர்களில், நின்று நின்று போகும் டிராஃபிக்கில், உள்ளே இருந்த சிந்தெட்டிக் ஆயில் மின்கோளாறை உண்டாக்கக்கூடும் என்பது காரணம். தீர்வு? அதை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றினார்கள். அத்தனை நவீனமான கியர் பாக்ஸிலும் கடைசியில் ஆயில்தான் பேசியது.

முதலில் ஆயில், பிறகுதான் மற்றதெல்லாம்

‘இது லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேணாம்’ என்று சர்வீஸ் சென்டரில் சொல்வதுண்டு. யாருடைய லைஃப்டைம் என்று கேட்க வேண்டும். பிஎம்டபிள்யூ உள்ளிட்ட கார்களுக்கு கியர் பாக்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. பல ஓனர் மேனுவல்களில் ‘கடினப் பயன்பாடு’ என்று தனி அட்டவணை இருக்கும். மலைப்பாதை, கடும் வெயில், டிராஃபிக் எல்லாம் அதில்தான் வரும். வாரா வாரம் வெள்ளிமலைக்கு ஏறி இறங்கும் ஆசிரியரோ வங்கி ஊழியரோ பார்க்க வேண்டியது அந்த அட்டவணையைத்தான்.

டார்க் கன்வெர்ட்டர் காரில், சீரான வேகத்தில் போகும்போது தார் ரோட்டின் வரிமேடுகளில் ஏறியது மாதிரி ஒரு அதிர்வு வந்தால், ஆயில் பழசாகியிருக்கலாம். மாற்றும்போது ஒரு தடவை வடித்தால் முழுசும் வராது, கணிசமான பங்கு கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் நல்ல மெக்கானிக் வடித்து, ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடிப்பார். அடித்தட்டில் உள்ள காந்தத்தையும் பார்ப்பார். சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணம், இரும்புத் துணுக்குகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. பல கார்களில் அளவு பார்க்கும் குச்சி இல்லை. ஆயில் சுமார் 40 டிகிரியில் இருக்கும்போது வழியும் துளை மூலம்தான் அளவு பார்க்க முடியும். சூடாக இருக்கும்போது குத்துமதிப்பாக ஊற்றினால் போச்சு.

சிவிடி-க்கு அதற்கென்றே உள்ள ஆயில்தான். சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கும், பிறகு மொத்த பாக்ஸும் செலவு.

ஏஎம்டி-யில் கிளட்ச் பிளேட் மாற்றுவது கள்ளக்குறிச்சி மெக்கானிக்குக்கும் தெரிந்த வேலைதான். ஆனால் மாற்றியபின் ஸ்கேனரை மாட்டி, புது கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பழைய பிளேட்டின் கணக்கிலேயே புது பிளேட்டை இயக்கும். ‘புதுசு போட்டும் ஜெர்க் போகலையே’ என்ற புலம்பலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். மரெல்லி வகையில் கியரை இயக்கும் ஹைட்ராலிக் பகுதிக்கென்று தனி ஆயில் டேங்க் உண்டு, அதையும் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, மாடிஃபிகேஷன்?

அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக ‘ஷிஃப்ட் கிட்’ விற்கிறார்கள். வால்வ் பாடிக்குள் ஸ்பிரிங்குகளை மாற்றி, துளைகளைத் திருத்தி ஆயில் அழுத்தத்தை வேகமாகக் கொடுக்கும் ஏற்பாடு. கியர் சட்டென்று விழும். வழுக்கும் நேரம் குறைவதால் கிளட்சுக்கும் சூடு குறைவு. பதிலுக்கு, ஒவ்வொரு மாற்றத்திலும் முதுகில் ஒரு தட்டு. கார் கம்பெனி வேண்டுமென்றே வழுக்கவிடுவது நம் சௌகரியத்துக்காகத்தான்.

இன்றைய கார்களில் அந்த அழுத்தத்தைக் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. அதைத் திருத்துவதுதான் கியர் பாக்ஸ் டியூன். நல்ல நிலையில் உள்ள டார்க் கன்வெர்ட்டர் பாக்ஸில் பலன் தெரியும், வாரன்டி பறிபோகும் என்பதும் தெரிந்தே செய்ய வேண்டும். தேய்ந்த பாக்ஸில் டியூன் செய்வது, காய்ச்சல்காரனை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது போல.

எஞ்சினை மட்டும் ரீமேப் செய்பவர்கள் ஒரு எண்ணைக் கவனிக்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் 1.5 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சின் தரும் டார்க் 250 நியூட்டன் மீட்டர். அதோடு வரும் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி தாங்குவதற்கு வடிவமைக்கப்பட்டதும் 250-தான். கம்பெனியே விளிம்பு வரை வந்துவிட்டது, அதற்கு மேல் ஏற்ற இடமே இல்லை.

கூலர் விஷயமும் அப்படித்தான். அது ஆயிலைத்தான் குளிர்விக்கும். டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, நனைந்த கிளட்ச் டிசிடி ஆகியவற்றுக்கு உதவும். ஏஎம்டி-யின் கிளட்சும் உலர் டிசிடி-யின் கிளட்சும் வெறும் காற்றில் ஆறுபவை. அவற்றுக்குக் கூலர் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

காசு செலவில்லாத மாற்றம் ஒன்று கியர் லிவரிலேயே இருக்கிறது. ஏறும்போது ஏஎம்டி-யை மேனுவல் மோடில் இரண்டில் வைத்தால், அந்த ஏறி இறங்கும் குழப்பமே வராது. சிவிடி-யில் எல் அல்லது எஸ், மற்றவற்றில் ஸ்போர்ட் மோடு அல்லது பேடில் ஷிஃப்ட்.

இறங்கும்போது இது இன்னும் அவசியம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தவறான கணக்கு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் பெட்ரோலை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஓடிக்கொண்டிருக்க எரிபொருள் வேண்டும். அதைவிட முக்கியம், எஞ்சின் பிடிப்பு இல்லாவிட்டால் மொத்த எடையும் பிரேக்கின் மேல் விழும்.

வழியில் சூட்டு எச்சரிக்கை வந்தால் ஓரம் கட்டி, பி-யில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சினை ஓடவிடுங்கள். ஆயில் சுற்றிச் சுற்றி ஆறும். பல ஏஎம்டி-களில் பி என்ற நிலையே கிடையாது, அங்கே ஹேண்ட் பிரேக்கோடு டயருக்கு ஒரு கல்லும் வைப்பது நல்லது. அடிவாரத்தில் இறங்கி நிற்கும்போது கருகல் வாடை வந்தால் எங்கிருந்து என்று பாருங்கள். பானெட் பக்கம் என்றால் கிளட்ச். சக்கரத்தின் பக்கம் என்றால் பிரேக், டி-யிலேயே விட்டு மொத்த இறக்கத்தையும் பிரேக்கிலேயே இறங்கியிருக்கிறீர்கள். அரை மணி நேரம் ஆறவிட்டுக் கிளம்பலாம். அவசரப்பட்டு டிஸ்க்கில் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம், சூட்டில் வளைந்துவிடும்.