உடன்வரும் கல்வி

நுழையுமுன்

நோயுற்றவருக்கு மருந்து வேண்டும் என்பதை அனைவரும் அறிவர். நோயுற்றவர் மாணவராயின் அவருக்கு மருந்தோடு பாடமும் வேண்டும். நெடுநாள் நோயினாலோ மனநலக் குறைவினாலோ பள்ளிக்கு வர இயலாத வளரிளம் பருவத்தினர்க்குக் கல்வி எவ்வாறு தொடர்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பாதியில் நிற்கும் படிப்பு

ஆந்திரம், தமிழகம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கும் பகுதியில், குப்பத்திற்கு அருகே அமைந்துள்ளது சாந்திபுரம். மல்பெரித் தோட்டங்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். இவ்வூரில் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்திக்குக் குருதிப் புற்றுநோய் வந்ததாகக் கொள்வோம். பெற்றோர் அவளைக் குப்பத்தில் தொடர்வண்டி ஏற்றி, சோலையார்பேட்டை வழியாகக் காட்பாடிக்குச் சென்று, வேலூர் மருத்துவமனையில் சேர்ப்பர்.

சிறார்க்கு மிகுதியாக வரும் குருதிப் புற்றுநோய் வகைக்கு மருத்துவம் முடிய இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். முறையான மருத்துவம் பெறும் சிறார் பலர் குணமடைகின்றனர். அம்மாணவியும் குணமடைந்து ஊர் திரும்புகிறாள். அப்போது அவளுடன் பயின்றவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்து மேல்வகுப்பிற்குச் சென்றிருப்பர். தன்னைவிட இளையவரோடு அமர அவள் கூசுவாள். “பிழைத்து வந்ததே பெரிது, இனிப் படிப்பு எதற்கு?” என்று உறவினர் கேட்பர். அவள் உடல் தேறிய பின்னும் படிப்பு அங்கேயே நின்றுவிடக்கூடும். இந்த இழப்பைத் தடுப்பதற்காகத் தோன்றியதே நோயுற்ற மாணவர்க்கான சிறப்புக் கல்வி ஏற்பாடு.

உடல்நோயும் மனநோயும்

நெடுநாள் நோய்கள் பலவகைப்படும். தலசீமியா என்னும் குருதிக் குறைபாடு கடுமையாக உடையவர், சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குச் சென்று குருதி ஏற்றிக்கொள்ள வேண்டும். முதல் வகை நீரிழிவு உடையவரின் கணையம் இன்சுலினைப் போதிய அளவு சுரப்பதில்லை. ஆகவே அவர் நாள்தோறும் இன்சுலின் செலுத்திக்கொள்வதோடு, உரிய நேரத்தில் உணவும் உண்ண வேண்டும். வலிப்பு நோய் உடையவர் மருந்தை ஒருவேளையும் தவறவிடலாகாது. இவர்களுள் பலர் நாள்தோறும் பள்ளிக்கு வரக்கூடியவரே. எனினும் அவ்வப்போது விடுப்பு எடுக்க நேரும்.

மனத்திற்கும் நோய் வரும். காரணம் புலப்படாத துயரம் பல வாரங்கள் நீடிப்பது மனச்சோர்வு நோயின் அறிகுறியாகும். பள்ளியை நினைத்தாலே நெஞ்சு படபடத்தலும், வயிறு வலித்தலும், உறக்கம் கெடுதலும் பதற்ற நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் பல மாநிலங்களில் நடத்திய ஆய்வு, 13 முதல் 17 வயதினருள் 7.3 விழுக்காட்டினர்க்கு மனநலப் பாதிப்பு உண்டு என்று கண்டறிந்தது. நாற்பது பேர் பயிலும் வகுப்பொன்றில் ஏறத்தாழ மூவர் என இதனைக் கணக்கிடலாம்.

கால் முறிந்த மாணவனைப் பார்த்து, “ஏன் ஓடவில்லை?” என்று எவரும் கேட்பதில்லை. மனம் நலிந்த மாணவனையோ சோம்பேறி என்றும், நடிக்கிறான் என்றும் பலர் பழிக்கின்றனர். கால்முறிவு கண்ணுக்குத் தெரிகிறது, மனநோய் தெரிவதில்லை. ஆனால் இரண்டிற்கும் மருத்துவம் உண்டு. இரண்டு நிலையிலும் கல்வி தொடர வேண்டும்.

பள்ளிக்கு வெளியே ஒரு பள்ளி

நலிவுற்ற மாணவர்க்கெனத் தனிப்பள்ளி அமைக்கும் எண்ணம் நூறாண்டுகளுக்கு முன்பே செயல்வடிவம் பெற்றது. செருமனி நாட்டில் பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில் 1904ஆம் ஆண்டில் ‘காட்டுப் பள்ளி’ ஒன்று தொடங்கப்பட்டது. உடல் நலிந்த நகரச் சிறார் அங்கே மரங்களுக்கிடையே திறந்த வெளியில் பயின்றனர். பாடவேளைகள் குறுகியவை, சத்தான உணவும் நண்பகல் ஓய்வும் கால அட்டவணையிலேயே இடம்பெற்றன. பின்னர்ப் பல நாடுகளில் இத்தகைய பள்ளிகள் தோன்றின. மருத்துவமனைகளுக்குள்ளும் வகுப்பறைகள் அமைந்தன.

இன்று இங்கிலாந்து நாட்டில், நோயினால் ஒரு மாணவர் தொடர்ந்தோ விட்டுவிட்டோ 15 நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வர இயலாது என்பது தெளிவானால், அவருக்குத் தக்க கல்வி ஏற்பாட்டை உள்ளாட்சி அமைப்பு செய்து தர வேண்டும். படுக்கையருகே வந்து கற்பித்தல், வீட்டிற்குச் சென்று கற்பித்தல், சிறிய தனிப்பள்ளியில் கற்பித்தல் என அவ்வேற்பாடு பலவகையாக அமையும்.

இத்தகைய கல்வி நன்கு நடைபெறும் இடங்களில் மூன்று இயல்புகளைக் காணலாம். முதலாவது, ஒரு வகுப்பில் மாணவர் தொகை மிகக் குறைவு. இரண்டாவது, ஒவ்வொருவர்க்கும் அவரவர் உடல்நிலைக்கு ஏற்பத் தனித்திட்டம் உண்டு. மருந்தினால் களைப்புறும் நாளில் ஒரு பாடம் போதும். தெம்பு மிக்க நாளில் மூன்று பாடம் படிக்கலாம். மூன்றாவது, மாணவரின் பழைய பள்ளியோடு தொடர்பு அறுவதில்லை. அங்கு நடக்கும் பாடமே இங்கும் நடக்கும். குணமடைந்த பின் அவர் முதலில் ஒரு மணி நேரமும், பின்னர் அரை நாளும், இறுதியில் முழுநாளுமாகத் தம் பள்ளிக்குத் திரும்புவார். சிறப்புப் பள்ளி மாணவரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்வதற்காக அமைந்ததன்று. இயன்றவரை அவரைத் தம் பள்ளிக்குத் திருப்பி அனுப்புவதற்காக அமைந்ததாகும்.

வேலூர் காட்டிய வழி

சாந்திபுரத்து மக்கள் மருத்துவத்திற்காக நாடிச் செல்லும் ஊர்களுள் வேலூர் ஒன்று. அங்கே 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி, பின்னாளில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் மனநல மையம் 1957ஆம் ஆண்டில் பாகாயத்தில் தொடங்கப்பெற்றது. அதனை உருவாக்கியவர் மருத்துவர் ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் ஆவார்.

அக்காலத்தில் மனநோயுற்றவரை உயர்ந்த மதிலுக்குள் அடைத்து, குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதே உலக வழக்கமாக இருந்தது. பாகாயத்தில் அதற்கு மாறான முறை பின்பற்றப்பட்டது. நோயுற்றவரோடு அவர்தம் குடும்பத்தாரும் வந்து உடன் தங்கினர், சமைத்தனர், நோயைப் பற்றி அறிந்துகொண்டனர். பஞ்சாபில் உள்ள அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகரும் அதே காலத்தில் குடும்பத்தாரைக் கூடாரங்களில் தங்கவைத்து மருத்துவம் செய்தார்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, உடனிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே வைத்துள்ளது. பாகாயத்தில் நடந்தது அந்நான்காம் கூற்றிற்கு உரிய இடத்தை அளித்ததேயாகும்.

பாகாயத்தில் ‘நம்பிக்கை நிலையம்’ என்னும் பிரிவும் உள்ளது. அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் ஆகியன உடைய சிறார்க்கு அங்கே பயிற்சி அளிக்கப்படுகிறது. அங்கே பிள்ளைக்கு மட்டுமன்றிப் பெற்றோர்க்கும் பயிற்சி உண்டு. உண்ணல், உடுத்தல், பேசுதல், எண்ணுதல் ஆகியவற்றைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையைத் தாயும் தந்தையும் கற்கின்றனர். ஆசிரியர் சில வாரங்களே உடனிருப்பார். பெற்றோரோ ஆண்டு முழுவதும் உடனிருப்பர். ஆதலால் ஊர் திரும்பிய பின்னரும் கல்வி நிற்பதில்லை.

மொழியும் இங்கு இன்றியமையாதது. வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்ச் சிறார் பள்ளியில் தெலுங்கிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ பயில்கின்றனர். கணக்கை எம்மொழியிலும் போடலாம். ஆனால் நெஞ்சில் உள்ள அச்சத்தை வீட்டுமொழியில் சொல்வது பலருக்கு எளிதாக இருக்கும். தாய்மொழியில் பேசக் கற்றிருப்பது, துயருற்ற வேளையில் தன் நிலையை எடுத்துரைக்கவும் உதவும்.

சட்டம் தரும் உரிமை

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் பட்டியலில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. மனநோய், மதியிறுக்கம், தலசீமியா, ஹீமோபீலியா ஆகியனவும் அவற்றுள் அடங்கும். 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உடைய 6 முதல் 18 வயது வரையுள்ள மாணவர், அருகிலுள்ள பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயில இச்சட்டம் உரிமை அளிக்கிறது. ஆனால் புற்றுநோயும் நீரிழிவும் அப்பட்டியலில் இல்லை. அந்நோயுற்ற மாணவரின் படிப்பு, பள்ளியின் பரிவையும் பெற்றோரின் முயற்சியையும் பெரிதும் சார்ந்துள்ளது.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017ஆம் ஆண்டில் வந்தது. மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படும் 18 வயது நிரம்பாதவரைப் பெரியவர்களோடு சேர்த்துத் தங்கவைக்கலாகாது என்றும், பொறுப்பாளர் ஒருவர் எந்நேரமும் அவருடன் தங்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. பாகாயத்தில் வழக்கமாக இருந்த முறையை, அறுபது ஆண்டுகள் கழித்துச் சட்டமும் சிறார்க்குரிய விதியாக ஏற்றது எனலாம்.

ஆந்திர அரசு மண்டலந்தோறும் ‘பவிதா’ மையங்களை ஏற்படுத்தியுள்ளது. பவிதா என்னும் தெலுங்குச் சொல்லுக்கு எதிர்காலம் என்பது பொருள். சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அங்கே கற்பிக்கின்றனர்; மையத்திற்கு வர இயலாத சிறாரை அவர்தம் வீட்டிற்கே சென்று காண்கின்றனர். 1989ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்வோர், எல்லாப் பாடங்களையும் ஒரே முறையில் எழுத வேண்டுவதில்லை. உடல்நிலைக்கு ஏற்பச் சில பாடங்களாகப் பிரித்து எழுதி ஐந்து ஆண்டுகளுக்குள் முடிக்கலாம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத் தேர்வில், சட்டப் பட்டியலில் உள்ள குறைபாடு உடையோர்க்கு மணிக்கு 20 நிமிடம் மிகைநேரம் உண்டு. முதல் வகை நீரிழிவு உடையோர் தேர்வறைக்குள் சர்க்கரை மாத்திரையும் சிற்றுணவும் கொண்டு செல்ல அவ்வாரியம் 2017ஆம் ஆண்டில் இசைவளித்தது.

உடன்பயில்வோர் கடமை

சட்டமும் மருத்துவமனையும் நோயுற்ற மாணவரைப் பள்ளி வாயில் வரை கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே அவருக்கு இடம் தருவோர் உடன்பயில்வோரே. மருந்தின் விளைவால் முடி உதிர்ந்து வருபவரைக் கண்டு நகைத்தலாகாது. அவர் எழுதாது விட்ட பாடக்குறிப்புகளைப் படியெடுத்துத் தரலாம். அவர்தம் நோயைப் பற்றி அவர் விரும்பினாலன்றிப் பிறரிடம் பேசுதல் முறையன்று.

வகுப்பில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் கையில் சாவியையோ இரும்பையோ திணிக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதனால் பயன் ஏதுமில்லை. அருகிலுள்ள கூரிய, கடினமான பொருள்களை அகற்றி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, அவரை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவைத்தல் வேண்டும். வாயில் எதையும் இடலாகாது. கை கால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. ஐந்து நிமிடத்திற்கு மேல் வலிப்பு நீடித்தால் 108 எண்ணில் மருத்துவ ஊர்தியை அழைக்க வேண்டும்.

மனச்சோர்வுற்ற நண்பர் தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ளப் போவதாகச் சொன்னால், அதனை மறைபொருளாகக் காத்தல் நட்பாகாது. உடனே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தெரிவிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

சாந்திபுரத்து மாணவி வேலூரில் தங்கிய நாள்களில் பள்ளியிலிருந்து பாடக்குறிப்புகள் அவளைத் தேடிச் சென்றிருந்தால், தெம்புள்ள நாள்களில் அவளுக்கு ஒருவர் கற்பித்திருந்தால், திரும்பி வந்த நாளில் தோழி ஒருத்தி தன் அருகே இடம் ஒதுக்கி வைத்திருந்தால், அவள் படிப்பு நின்றிராது. நோயுற்றவரோடு குடும்பம் உடன்வர வேண்டும் என்பது பாகாயம் காட்டிய வழி. நோயுற்ற மாணவரோடு பள்ளியும் உடன்வர வேண்டும்.

சொல்லும் பொருளும்

வளரிளம் பருவம் – சிறுவர் நிலைக்கும் பெரியவர் நிலைக்கும் இடைப்பட்ட பருவம்
குருதி – இரத்தம்
நலிவு – மெலிவு, தளர்ச்சி
பேணுதல் – பாதுகாத்துக் கவனித்தல்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
இசைவு – அனுமதி
மறைபொருள் – இரகசியம்

பயிற்சி

1. நோயுற்ற மாணவர்க்கான கல்வியில் காணப்படும் மூன்று இயல்புகள் யாவை?
2. பாகாயம் மனநல மையம் அக்கால வழக்கத்திலிருந்து எவ்வாறு வேறுபட்டது?
3. ‘கால்முறிவு கண்ணுக்குத் தெரிகிறது, மனநோய் தெரிவதில்லை’ – இத்தொடரை விளக்குக.
4. மனச்சோர்வுற்ற நண்பர் கூறுவதை எப்போது மறைக்கலாகாது? ஏன்?
5. நெடுநாள் விடுப்பில் இருக்கும் உடன்பயில்பவர் ஒருவருக்கு, வகுப்பில் நடந்தவற்றைத் தெரிவித்துத் தமிழில் ஒரு மடல் எழுதுக.