நகச்சுற்றா? நகத்துக்கு அடியில் கட்டியா?

மார்கழிக் காலையில் கோம்பையில் பச்சைத் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும்போது, ஒரே ஒரு விரல் நகம் மட்டும் விண்ணென்று தெறிக்குதா? வீக்கம் இல்லை, சீழும் இல்லை. ஆனாலும் நகச்சுற்று என்று நினைத்து, விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு மாசக்கணக்கில் பொறுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது நகத்துக்கு அடியில் உள்ள சின்னக் கட்டியாகவும் இருக்கலாம்.

நகம் எப்படி வளருது?

நாம் வெட்டும் நகம், கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற தகடு. அதை உருவாக்கும் நக வேர் தோல் மடிப்புக்குள் மறைந்திருக்கு. உங்க கட்டைவிரலைப் பாருங்க: நகத்தின் அடியில் தெரியும் வெள்ளைப் பிறை, அந்த வேரின் முனைதான். கை நகம் மாதம் சுமார் 3 மி.மீ. வளரும்; முழுசா புதுசாக 6 மாதம் ஆகும். வேரை எது அழுத்தினாலும், அதன் தடம் நகத்தில் கோடாகவோ பள்ளமாகவோ தெரியும்.

அரிதாக வரும் 3 கட்டிகள்

• குளோமஸ் கட்டி: குளிர் பட்டால் வலி கூடும், குறிப்பிட்ட ஒரு புள்ளியைத் தொட்டாலே உயிர் போகும். சிலருக்கு நகத்தடியில் நீலம் அல்லது சிவப்பு நிறம் தெரியும். அளவு சில மி.மீ.தான் என்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். அறுவை சிகிச்சையில் முழுசா எடுத்தால் வலி தீரும்.
• ஆனிகோமேட்ரிகோமா: நகம் மஞ்சளாகத் தடித்து வளையும், நுனியில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். பூஞ்சைத் தொற்று என்று தவறாக நினைப்பது அதிகம். 1992-இல்தான் இது தனிக் கட்டியாக விவரிக்கப்பட்டது.
• நகத்தடி எலும்பு வளர்ச்சி: பெரும்பாலும் கால் பெருவிரலில் வரும், நகத்தைத் தூக்கும். எக்ஸ்ரேயில் தெரியும்.

இந்த மூன்றும் புற்றுநோய் அல்ல. ஆனால் ஒரே நகத்தில் புதிதாகக் கருப்புக் கோடு வந்து அகலமானாலோ, கருமை பக்கத்துத் தோலுக்குப் பரவினாலோ தாமதிக்காதீங்க. அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

எங்கே காட்டுவது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். தேவைப்பட்டால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவு. சந்தேகம் கேட்க 104-ஐ அழைக்கலாம். இ-சஞ்சீவனி செயலியில் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் இலவசமாகப் பேசலாம்.

போகும் முன் 2 விஷயம்: நகப்பூச்சை அழிச்சிடுங்க, மருதாணி வைக்காதீங்க. வாரம் ஒருமுறை அந்த நகத்தை வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைங்க. நிறமும் வடிவமும் எப்படி மாறியது என்பதை மருத்துவருக்கு அந்தப் படங்களே காட்டும்.