நடந்தால் வலி, நின்றால் சரி... அப்பாவின் கால்வலி மூட்டுத் தேய்மானம்தானா?

“கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது. நின்னா சரியாப் போயிடுது.” ஊரில் இருக்கும் அப்பா போனில் இப்படிச் சொன்னால், “வயசாயிடுச்சுல்ல, தைலம் தேய்ங்க” என்பதே பல வீடுகளில் பதில். ஆனால், காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு இருந்தாலும் வலி இப்படித்தான் வரும். கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் காலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

யாருக்கு வரும்?

திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் ஊர் ஊராகப் பேசப்பட்டது. வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமே அமைக்கப்பட்டது. புகையிலையோடு இவ்வளவு பழகிய வட்டாரம் இந்த நோயைத் தெரிந்துகொள்வது அவசியம். காரணம், இதற்கு முக்கியக் காரணமே புகைப்பழக்கம். அடுத்து சர்க்கரை, பி.பி., கொலஸ்ட்ரால், வயது. சென்னையில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் 3.2 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் 6.3 சதவீதம்.

எந்த வலி, என்ன வலி?

* மில் வேலைபோல நெடுநேரம் நின்றால் வலி, மாலையில் வீக்கம்: நரம்புச் சுருட்டலாக இருக்கலாம்.
* உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் வலி குறைகிறது: முதுகுத்தண்டு பிரச்சினையாக இருக்கலாம்.
* நடந்தால் வலி, சும்மா நின்றாலே சில நிமிடங்களில் சரி: தமனி அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு உணர்ச்சி குறைந்திருந்தால் வலியே தெரியாமலும் போகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பரிசோதனைக்கு ஸ்கேன் தேவையில்லை. பாதத்திலும் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடித்துடிப்பை டாக்டர் தொட்டுப் பார்ப்பார். பிறகு, படுக்க வைத்து கையிலும் கணுக்காலிலும் பி.பி. பார்க்கப்படும். கணுக்காலில் துடிப்பைக் கேட்க ‘டாப்ளர்’ என்ற கையடக்கக் கருவி போதும். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் விகிதம் 0.7. இது 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு. 1.4-க்கு மேல் போனால் ரத்தக்குழாய் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். வேறு பரிசோதனை வேண்டும்.

ஆபரேஷன்தான் தீர்வா?

பெரும்பாலானோருக்கு இல்லை. முதல் மருந்து, புகையிலையை நிறுத்துவது. உதவிக்கு 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது. அடுத்தது நடைப்பயிற்சி: வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது. வாரம் 3 நாளாவது, 30 முதல் 45 நிமிடம், குறைந்தது 3 மாதம். காலில் புண் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கொலஸ்ட்ரால் மாத்திரையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் டாக்டர் தருவார். கால்வலி குறைந்துவிட்டதே என்று இவற்றை நிறுத்தக் கூடாது. காலில் அடைப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் அதிகம்.

எப்போது அவசரம்?

திடீரென ஒரு கால் ஜில்லிட்டு, வெளுத்து, மரத்து, கடுமையாக வலித்தால் உடனே 108. சில மணி நேரத் தாமதம்கூட காலைப் பறித்துவிடும். படுத்திருக்கும்போதே வலி, விரல் கறுப்பது, 2 வாரமாக ஆறாத புண் இருந்தால் வேடசந்தூர் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தாமதிக்காமல் போக வேண்டும்.

அடுத்த முறை சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது, “காலில் நாடி இருக்கா, கொஞ்சம் பாருங்க டாக்டர்” என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்.