கணினியை மெய்நிகர் இயந்திரமாக்குதலில் வட்டுப் பிரிவுகள்

ஒரு கணினியின் வன்தட்டில் உள்ள இயங்குதளம், மென்பொருள்கள், கோப்புகள் ஆகியவற்றை மெய்நிகர் வட்டுக் கோப்பாகப் படியெடுத்து, வேறொரு கணினியில் மெய்நிகர் இயந்திரமாக இயக்குவது பி2வி மாற்றம் எனப்படும். பழுதாகும் நிலையிலுள்ள கணினியின் மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்த இது உதவுகிறது. பார்ட்டிசன் எனப்படும் வட்டுப் பிரிவுகளில் எவை படியெடுக்கப்படுகின்றன என்பது இதில் முக்கியமானது.

தொடக்கப் பிரிவு

விண்டோஸ் 7 நிறுவப்படும்போது, சி பிரிவுடன் 100 எம்பி அளவுள்ள, எழுத்துப் பெயரற்ற சிறு பிரிவு ஒன்றும் பொதுவாக உருவாகிறது. கணினியைத் தொடங்கும் கோப்புகள் இதிலேயே உள்ளன. சி பிரிவை மட்டும் படியெடுத்தால், தரவுகள் முழுமையாக இருந்தும் மெய்நிகர் இயந்திரம் தொடங்காது. யூஈஎஃப்ஐ முறைக் கணினிகளில் ஈஎஃப்ஐ பிரிவுக்கும் இது பொருந்தும். இவற்றுக்கு ஹைப்பர்-வியில் இரண்டாம் தலைமுறை இயந்திரம் தேவை.

தரவுப் பிரிவுகளும் அளவும்

மைக்ரோசாப்டின் டிஸ்க்2விஎச்டி கருவி ஒவ்வொரு வன்தட்டுக்கும் ஒரு கோப்பை உருவாக்குகிறது. பிரிவு அமைப்பு அப்படியே இருக்கும். தெரிவு செய்த பிரிவுகளின் தரவு மட்டும் படியெடுக்கப்படும். எனவே தேவையற்ற டி பிரிவை விலக்கினால் கோப்பின் அளவு குறையும். விஎச்டி வடிவத்தின் உச்ச அளவு 2040 ஜிபி; விஎச்டிஎக்ஸ் வடிவத்தில் 64 டிபி.

வட்டு அடையாள எண்

உருவாக்கிய கோப்பை, படியெடுத்த அதே கணினியில் இணைக்கக் கூடாது. இரு வட்டுகளின் அடையாள எண்களும் ஒன்றாக இருப்பதால், விண்டோஸ் புதிய வட்டின் எண்ணை மாற்றிவிடும். பின்னர் அதிலிருந்து இயங்குதளம் தொடங்காமல் போகலாம். மெய்நிகர் இயந்திரம் சரியாக இயங்குவதை உறுதிசெய்யும் வரை பழைய வன்தட்டை அழிக்காதிருப்பது பாதுகாப்பானது.