வாசற்படி தாண்டியும் அறாத இணைப்பு

வீட்டு வைஃபையில் ஏதாவது டவுன்லோட் ஓடிக்கொண்டிருக்கும். செருப்பை மாட்டித் தெருமுனைக்குப் போவதற்குள் போன் மொபைல் டேட்டாவுக்கு மாறும், டவுன்லோட் அறுந்துவிடும். நெட்வொர்க் வேலையே பிழைப்பாக இருந்தும், அந்த இருபது அடி தூரம் என்னை வெகுநாள் உறுத்தியது.

அந்த டவுன்லோடைச் சுமந்தது 1981-இல் வகுக்கப்பட்ட டிசிபி என்ற நெறிமுறை. அது ஓர் இணைப்பை நான்கு எண்களால் அறிகிறது: இரு முனைகளின் ஐபி முகவரி, இரு முனைகளின் போர்ட் எண். சர்வர் பக்கம் போர்ட் பெரும்பாலும் 443. என் போனில் ஒரு செயலிக்கு 50112, இன்னொன்றுக்கு 50113 என்று அமையலாம். அதனால்தான் ஒரே போனில் பல உரையாடல்கள் கலக்காமல் ஓடுகின்றன. ஆனால் நெட்வொர்க் மாறினால் ஐபி மாறும். நான்கில் ஒன்று பொருந்தாவிட்டாலும் சர்வருக்கு நாம் அந்நியர்தான்.

2021 மே மாதம் தரநிலையான குவிக் என்ற நெறிமுறை இந்த முடிச்சை அவிழ்த்தது. யுடிபி என்ற இன்னொரு நெறிமுறையின் மேல் ஓடும் இது, இணைப்புக்கே தனி அடையாள எண் தருகிறது. முகவரி மாறினாலும் அந்த எண்ணைப் பார்த்து சர்வர் நம்மைத் தெரிந்துகொள்ளும். அதிலும் நான் மிகவும் மதிப்பது ஒன்று: இடம் மாறும்போது, முன்பே மறையாக்கிக் கொடுத்து வைத்த வேறொரு எண்ணுக்குத் தாவிவிடலாம். வழியில் நின்று நோட்டம் விடுபவரால் பழைய எண்ணையும் புதியதையும் முடிச்சுப்போட முடியாது.

ஒரே இணைப்புக்குள் பல ஓடைகளும் உண்டு. ஒன்றின் பாக்கெட் தொலைந்தால் அந்த ஓடை மட்டும் காத்திருக்கும். நம் பக்கம் திறப்பவற்றுக்கு இரட்டைப்படை எண், சர்வர் திறப்பவற்றுக்கு ஒற்றைப்படை. இருவரும் ஒரே நொடியில் திறந்தாலும் மோதல் இல்லை.