புழுவும் எச்சமும் பிரியும் நுட்பம்

நுழையும்முன்

நெல்லையும் பதரையும் பிரிக்க ஒரு முறம் போதும். ஓயாது உண்டு ஓயாது கழிக்கும் உயிருள்ள புழுவை அதன் எச்சத்திலிருந்து பிரிப்பது எவ்வாறு? பட்டுப்புழு வளர்ப்போர் கண்ட எளிய விடையையும், அதிலிருந்து எந்திர வடிவமைப்பு பெறும் பாடத்தையும் இப்பகுதி விளக்குகிறது.

கருநாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டம் பட்டுப்புழு வளர்ப்பில் பெயர்பெற்றது. மத்தியப் பட்டு வாரியம் 1990ஆம் ஆண்டில் ஓசூரில் நிறுவிய மையம், பட்டுப்புழு இனங்களையும் மல்பெரி வகைகளையும் பேணிக் காத்து வருகிறது. காவேரிப்பட்டினம் போன்ற ஊர்களைத் தன்னகத்தே கொண்ட இம்மாவட்டத்தில், மாந்தோப்புகளைப் போலவே மல்பெரித் தோட்டங்களும் உழவர்க்கு வாழ்வளிக்கின்றன.

படுக்கையில் பெருகும் ஆபத்து

முட்டையிலிருந்து வெளிவரும் பட்டுப்புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கிறது. ஏறத்தாழ நான்கு வாரங்களில் அதன் எடை பத்தாயிரம் மடங்கு பெருகுகிறது. அது உண்ணும் இலையில் 80 விழுக்காட்டிற்கும் மேல் ஐந்தாம் பருவத்தில்தான் தேவைப்படுகிறது. எச்சமும் அப்பருவத்தில்தான் மிகுகிறது.

எச்சமும் எஞ்சிய இலையும் படுக்கையில் தங்கினால் ஈரமும் வெப்பமும் கூடும், காற்று கெடும், நோய்க்கிருமிகள் பெருகும். பால்புழு நோயோ சுண்ணாம்புக்கட்டி நோயோ பரவிவிட்டால், ஒரு குடும்பத்தின் பல வார உழைப்பு சில நாள்களில் அழிந்துபோகும். ஆகவே, படுக்கையைத் தூய்மை செய்வது புழு வளர்ப்பின் உயிர்நாடியாகும்.

வலை என்னும் எளிய கருவி

புழுவைக் கையால் பொறுக்கி எடுப்பதால் காலம் வீணாகும். மென்மையான தோலும் காயமுறும். காயத்தின் வழியே நோய் நுழையும். இதற்கு வளர்ப்போர் கண்ட தீர்வு வலையாகும். படுக்கையின்மீது வலையை விரித்து, அதன்மேல் புதிய இலையை இடுவர். பசித்த புழுக்கள் வலைக்கண்களின் வழியே தாமாகவே மேலேறும். பின்னர் வலையைத் தூக்கினால் புழுக்கள் மேலே வரும். எச்சம் கீழே தங்கும். இளம்புழுவிற்குச் சிறுகண் வலையும் வளர்ந்த புழுவிற்குப் பெருங்கண் வலையும் பயன்படும். தோலுரிக்கும் வேளையில் புழு உண்ணாது, அசையாது. அப்போது படுக்கையைக் கலைப்பது தீங்காகும்.

இங்குப் பிரிக்கும் ஆற்றலைத் தருவது மனிதக்கையன்று; புழுவின் பசியே.

எந்திரம் கற்கும் பாடம்

இதே நெறி கருஞ்சிப்பாய் ஈ வளர்ப்பிலும் பயன்படுகிறது. உணவுக்கழிவை உண்டு வளரும் இந்த ஈயின் புழு, கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகிறது. முதிர்ந்த புழு கருமையடைந்து, உண்பதை நிறுத்தி, உலர்ந்த இடம் தேடி ஊர்ந்து செல்லும். வளர்ப்புத் தொட்டியில் சாய்தளம் ஒன்றை அமைத்தால், புழு தானே அதில் ஏறி மறுபுறமுள்ள கலத்தில் விழும்.

எனினும், தீவனத்திற்கு முதிராத புழு தேவைப்படும்போது சாய்தளம் உதவாது. அங்கு அதிர்வுச் சல்லடையோ சுழலும் உருளைச் சல்லடையோ வேண்டும். எச்சம் உலர்ந்து பொலபொலவென்று இருந்தால் கண்களின் வழியே எளிதில் உதிரும். ஈரமாக இருந்தால் கண்களை அடைக்கும். எனவே, சல்லடையின் வேகத்தைக் கூட்டுவதைவிட, பிரிப்பதற்குமுன் ஈரத்தைக் குறைப்பதே அறிவுடைமை.

தொழிற்சாலைகள் மிகுந்த ஓசூர் வட்டாரம் போன்ற இடங்களில், வேளாண்மைக்கு ஆள் கிடைப்பது அரிதாகும்போது எந்திரத்தின் தேவை கூடுகிறது. ஆனால், புழு கல்லோ மணியோ அன்று. அதன் அளவையும் பருவத்தையும் பசியையும் அறிந்தபின் வரையப்படும் எந்திரமே பயன்தரும்.

தெரிந்து தெளிவோம்

பிரித்தெடுத்த பட்டுப்புழு எச்சம் நல்ல உரமாகும். தென்சீனத்தின் முத்தாற்று வடிநிலத்தில் அதனை மீன்குளத்தில் இட்டனர். குளத்துச் சேற்றை அள்ளிக் கரையிலுள்ள மல்பெரிக்கு எருவாக்கினர்.