மெய்நிகர் புவிக்கோளத்தில் இடப்பெயர்கள்

புவியின் முழு உருவத்தையும் கணினித் திரையில் ஒரு கோளமாகக் காட்டி, பயன்படுத்துவோர் அதனை விரும்பிய திசையில் சுழற்றவும், விண்ணிலிருந்து இறங்குவதுபோல ஒரு தெருவின் அளவுக்கு அணுகிப் பார்க்கவும் வாய்ப்பளிக்கும் மென்பொருள் ‘மெய்நிகர் புவிக்கோளம்’ எனப்படுகிறது. இதனை ‘மாயக் கோளம்’ எனச் சுட்டுவது பொருந்தாது. திரையில் தோன்றுவது உண்மை நிலத்தின் ஒளிப்படமே. கோளம் என்னும் பொருள்தான் கையில் இல்லை. ‘டிஜிட்டல்’ என்பதற்கு எண்ணிமம், எண்ணியல், இலக்கமுறை எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இங்கு ‘எண்ணிமப் புவி’ என்னும் தொடர் ஆளப்படுகிறது.

இம்மென்பொருளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படத்தைப் பற்றியே பேசுவர். படத்தின் சிக்கல் கணிதச் சிக்கல். அது ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் தீர்க்கப்பட்டுவிட்டது. படத்தின்மீது எழுதப்படும் பெயர்களின் சிக்கலோ மொழிச் சிக்கல். அது இன்னும் தீரவில்லை. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்திற் கொள்ள வேண்டியது இப்பின்னதையே. எனினும் முன்னதை அறியாமல் பின்னதை விளங்கிக்கொள்ள இயலாது.

கருத்தின் தோற்றம்

1960களில் அமெரிக்கச் சிந்தனையாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், 200 அடி விட்டமுள்ள கோளம் ஒன்றில் உலகச் செய்திகளை ஒளிப்புள்ளிகளாகக் காட்டும் திட்டத்தை முன்வைத்தார். 1992இல் நீல் ஸ்டீவன்சன் எழுதிய ‘ஸ்னோ கிராஷ்’ என்னும் புதினத்தில் ‘எர்த்’ என்ற பெயரிலேயே ஒரு மென்பொருள் இடம்பெற்றது. இவை கற்பனைகள். செயல்வடிவம் பெர்லினில் பிறந்தது. அங்கு ‘ஆர்ட்+காம்’ என்னும் குழுவினர் உருவாக்கிய ‘டெராவிஷன்’, 1994இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் நடந்த பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றிய மாநாட்டில் காட்டப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனமும் அதே பெயரில் ஒரு மென்பொருளை ஆக்கியிருந்தது. இப்பெயரொற்றுமை பின்னர் வழக்குமன்றத்தில் முதன்மை பெற்றது. ஆர்ட்+காம் கூகுள்மீது 2014இல் தொடுத்த காப்புரிமை வழக்கில், எஸ்.ஆர்.ஐ.யின் படைப்பு முந்தியது என்ற வாதம் ஏற்கப்பட்டு, 2016இல் தீர்ப்பு கூகுளுக்குச் சார்பாக அமைந்தது. 2017இல் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதிசெய்தது.

‘எண்ணிமப் புவி’ என்னும் தொடரைப் பரவலாக்கியவர் அப்போதைய அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் அல் கோர். 1998 ஜனவரி 31 நாளிட்ட அவரது உரையில், அருங்காட்சியகத்திற்குச் செல்லும் ஒரு சிறுமி தலையில் காட்சிக்கருவி அணிந்து புவியை விண்ணிலிருந்து காண்கிறாள். கண்டத்திற்கும் நாட்டிற்கும் ஊருக்கும் இறுதியில் தனித்தனி வீடுகளுக்கும் அணுகிச் செல்கிறாள். அச்சிறுமி எம்மொழியில் பெயர்களைப் படிக்கிறாள் என்னும் வினா அவ்வுரையில் எழவில்லை.

படத்தை அடுக்கும் முறை

புவியின் பரப்பு ஏறத்தாழ 51 கோடிச் சதுர கிலோமீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு படப்புள்ளி எனக் கொண்டாலும் 510 லட்சம் கோடிப் புள்ளிகள் தேவை. 1990களில் வழங்கிய ஒரு திரையில் அடங்கியவையோ 8 லட்சத்திற்கும் குறைவு. ஆகவே கணினி எந்நேரத்திலும் மிகச் சிறிய பகுதியை மட்டுமே கையாண்டால் போதும். எப்பகுதியை, எவ்வளவு நுணுக்கத்துடன் எடுப்பது என்பதே வினா. இதற்கான வழியை 1983இல் லான்ஸ் வில்லியம்ஸ் காட்டினார். ஒரே படத்தைப் பாதி, கால், அரைக்கால் எனக் குறுகிய அளவுகளில் முன்கூட்டியே ஆக்கி அடுக்கிவைப்பது அவரது முறை. அதற்கு அவர் இட்ட ‘மிப்’ என்னும் பெயர், ‘சிறிதினுள் மிகுதி’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது. இவ்வடுக்கு முழுவதும் சேர்ந்து மூலப்படத்தின் அளவைவிட மூன்றில் ஒரு பங்கே கூடுதலாகும். சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தார் 1998இல் இம்முறையை விரிவாக்கி, கணினியின் நினைவகத்தில் அடங்காத பெரும்படத்திலிருந்து பார்ப்பவரின் கண்ணைச் சூழ்ந்த பகுதியை மட்டும் இடைவிடாது புதுப்பித்துக்கொள்ளும் நுட்பத்தை வெளியிட்டனர்.

இன்றைய இணையவழி வரைபடங்களில் படம் சதுரச் சில்லுகளாக நறுக்கப்படுகிறது. ஒவ்வொரு சில்லும் அடுத்த நிலையில் நான்காகப் பிரியும். பக்கத்திற்கு 256 புள்ளிகள் கொண்ட ஒரு சில்லில் தொடங்கி 20 முறை பிரித்தால், நிலநடுக்கோட்டில் ஒரு புள்ளி ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நிலத்தைக் குறிக்கும்.

நுட்பம் மட்டும் போதாது, படமும் வேண்டும். 1999இல் ஏவப்பட்ட இக்கோனோஸ் செயற்கைக்கோள் ஒரு மீட்டர் அளவு நுணுக்கமுள்ள படங்களை வணிக முறையில் வழங்கத் தொடங்கியது. 2001இல் கலிபோர்னியாவில் தோன்றிய ‘கீஹோல்’ நிறுவனம் ‘எர்த்வியூவர்’ என்னும் மென்பொருளை விற்றது. சாவித்துளை எனப் பொருள்படும் அந்நிறுவனப் பெயர், அமெரிக்க வேவுக் கோள்களின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. 2003 ஈராக் போரின்போது அமெரிக்கத் தொலைக்காட்சி வழியாக இம்மென்பொருள் பரவலாக அறிமுகமாயிற்று. கூகுள் 2004இல் அந்நிறுவனத்தை வாங்கி, 2005 ஜூனில் ‘கூகுள் எர்த்’ என வெளியிட்டது. பழைய பெயர் முற்றிலும் மறையவில்லை: இடக்குறிப்புகளைப் பரிமாறப் பயன்படும் கே.எம்.எல். என்னும் கோப்பு வடிவத்தின் முதலெழுத்து கீஹோலைச் சுட்டுவதே. அவ்வடிவம் 2008இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. நாசாவின் ‘வேர்ல்ட் விண்ட்’ 2004இலும், இந்திய விண்வெளி ஆய்வு அமைப்பின் ‘புவன்’ 2009 ஆகஸ்டிலும் வெளிவந்தன.

பெயர் என்னும் அடுக்கு

அச்சிட்ட வரைபடத்தில் பெயர் படத்தோடு ஒன்றிய பகுதி. புவிக்கோளத்தில் அது தனி அடுக்கு. வேண்டும்போது நீக்கலாம், வேறொரு மொழியின் அடுக்கை அதனிடத்தில் வைக்கலாம். தரவுத்தளத்தில் பெயர் என்பது ஓர் அகலாங்கும் ஒரு நெட்டாங்கும் கொண்ட புள்ளியோடு பிணைக்கப்பட்ட எழுத்துத் தொடர். ஊருக்கு இது ஒருவாறு பொருந்தும். ஆற்றுக்கும் மலைத்தொடருக்கும் கடலுக்கும் பொருந்தாது. அவை புள்ளிகள் அல்ல.

கடற்பெயர்களில் சிக்கல் முதலில் வெளிப்பட்டது. 2008 ஏப்ரலில் கூகுள் தன் கொள்கையை விளக்கியது: நீர்நிலையைச் சூழ்ந்துள்ள நாடுகள் ஒரே பெயரை வழங்கினால் அப்பெயர் இடப்படும், வேறுபட்டால் இரு பெயர்களும், அவற்றை வழங்கும் நாட்டின் கரைக்கு அருகில் தனித்தனியே இடப்படும். ஜப்பானியர் ‘ஜப்பான் கடல்’ என்பதைக் கொரியர் ‘கிழக்குக் கடல்’ என்பர்; ஆகவே ஒரே நீர்ப்பரப்பில் இரு பெயர்கள் நின்றன. இது நேர்மையான தீர்வு. படிப்பவர் தம் கண்ணாலேயே பிணக்கைக் காண்கிறார்.

பின்னர் வேறொரு போக்கு வலுப்பெற்றது. பார்ப்பவர் எந்நாட்டிலிருந்து பார்க்கிறார் என்பதை அறிந்து அந்நாட்டிற்கு ஏற்ற பெயரை மட்டும் காட்டுவது அது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு மெக்சிகோ வளைகுடாவுக்கு ‘அமெரிக்க வளைகுடா’ எனப் பெயர் மாற்றம் அறிவித்தது. அடுத்த மாதம் கூகுள் வரைபடத்தில் அமெரிக்காவிலுள்ளோருக்குப் புதிய பெயரும், மெக்சிகோவிலுள்ளோருக்குப் பழைய பெயரும், பிற நாட்டினருக்கு இரண்டும் காட்டப்பட்டன. முதல் முறையில் பிணக்கு வெளியே தெரிந்தது. இம்முறையில் இரு தரப்பினரும் தத்தம் பெயரே உலகப் பெயர் என எண்ணிக்கொள்ள இடமுண்டு. படம் எல்லார்க்கும் ஒன்று, பெயர் ஆளுக்கொன்று என்னும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

கோளத்தில் எழுதப்பட்டது விளக்கக் குறிப்பு மட்டுமே என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 2010இல் நிகராகுவா, கோஸ்டாரிகா நாடுகளுக்கிடையே சான் ஹுவான் ஆற்று முகத்துவாரத்தில் எழுந்த பூசலில், நிகராகுவாத் தரப்பினர் கூகுள் வரைபடத்தின் எல்லைக்கோட்டைத் தமக்குச் சான்றாகக் காட்டினர்; அக்கோடு பிழையானது எனக் கூகுள் பின்னர் ஒப்புக்கொண்டது.

தமிழ்ப் பெயர்களின் நிலை

ஓர் இடத்தில் வாழ்வோர் தம் மொழியில் வழங்கும் பெயரை அகப்பெயர் என்றும், பிறமொழியார் வழங்குவதைப் புறப்பெயர் என்றும் கூறலாம். ஐக்கிய நாடுகளின் புவியிடப்பெயர் வல்லுநர் குழு இவ்விரு வகைகளை வரையறுத்துள்ளது. எழும்பூரும் தரங்கம்பாடியும் அகப்பெயர்கள். எக்மோரும் ட்ராங்குபாரும் புறப்பெயர்கள். ஆனால் எல்லை எப்போதும் தெளிவாயிருப்பதில்லை. 18ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநராயிருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரால் அமைந்த நீரிணை, தமிழில் ‘பாக்கு நீரிணை’ ஆகி, தமிழ்ச் சொல்லோ என ஐயுறும் அளவுக்கு இயல்பாகிவிட்டது.

உலகத் தரவுத்தளங்களில் முதற்பெயர் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் உள்ளது. அதிலிருந்து தமிழ் வடிவத்தை இயந்திரத்தால் ஆக்கும்போது இழப்பு நேர்கிறது. ரோமன் எழுத்து ‘எல்’ ஒன்றே லகரத்தையும் ளகரத்தையும் பல வேளைகளில் ழகரத்தையும் குறிக்கிறது. நெடில் குறில் வேறுபாடு மறைகிறது. எதிர்த்திசையிலும் இடர் உண்டு. ‘கங்கைகொண்ட சோழபுரம்’ என்பதில் முதற் ககரமும் ஙகரத்தை அடுத்த ககரமும் ஒலிப்புடையன. ‘கொண்ட’ என்பதன் ககரம் ஒலிப்பற்றது. தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றே. ரோமனில் வேறுபடுத்தியாக வேண்டும். அதே பெயரின் ழகரம் ரோமனில் ‘எல்’ ஆக, கழுகுமலையின் ழகரம் ‘இசட்-எச்’ ஆகவும் எழுதப்படுகிறது. ஆகவே தமிழிலிருந்து செல்லும்போது ஒலியும், தமிழுக்கு வரும்போது சொல்வரலாறும் தெரிந்திருத்தல் வேண்டும். பெயரை மட்டும் பெறும் இயந்திரத்திடம் இரண்டும் இல்லை.

பொதுக்கூறுகளை மொழிபெயர்ப்பதிலும் இடர் உண்டு. ஆங்கிலத்தில் ‘பாலார் ரிவர்’ என்பது பிழையன்று. அம்மொழியார்க்குப் ‘பாலார்’ பகாப்பதம். அதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘பாலாறு ஆறு’ ஆகிவிடும். அடையாற்றுக்கும் இதே கதி.

எழுத்துருவும் தன் பங்குக்கு இடர் தந்தது. ஆற்றின் வளைவையொட்டிப் பெயரை எழுதுகையில் குறிகளை ஒவ்வொன்றாக வளைவின்மீது நிறுத்துவது ரோமன் எழுத்துக்கு ஏற்ற எளிய வழி. ‘கொற்கை’ என்பதில் கொகரத்தின் கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும் நிற்கும். சேமிப்பில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும். எழுத்தைச் சேர்த்து அமைக்கத் தெரியாத மென்பொருளில் ஊர்ப்பெயர் சிதறும். 1991இல் யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றபோதும், அதனை முறையாகக் காட்டும் திறன் வரைபட மென்பொருள்களுக்குப் பிந்தியே வாய்த்தது.

ரோமன் எழுத்தைத் திருத்தினால் சிக்கல் தீருமா என்னும் வினாவுக்குத் தமிழ்நாட்டில் ஒரு சோதனை நடந்தது. 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் ஒலிப்புக்கு இணங்க மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியானது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் புதிய கோவைகள் தரப்பட்டன. ஒலிபெயர்ப்பு முறை குறித்துக் கண்டனங்கள் எழுந்தமையால் அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ரோமன் வடிவத்தையே தமிழ்ப் பெயரின் மூலமாகக் கருதும் வரை எத்தகைய கோவையும் குறையுடையதாகவே இருக்கும்.

மாற்றுவழி ஒன்று நடைமுறையில் உள்ளது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்னும் தன்னார்வ வரைபடத்தில், ஒவ்வோர் இடத்திற்கும் மொழிவாரியாகப் பெயர்களைத் தனித்தனிக் களங்களில் பதியலாம். தமிழுக்கும் ஒரு களம் உண்டு. அதில் பதியப்படும் பாலாறு ரோமனிலிருந்து ஆக்கப்பட்டதன்று. அக்களத்தை நிரப்புவோர் எவ்வடிவத்தைத் தேர்வர் என்பது வேறு வினா: பழனி, பழநி என இரு வடிவங்கள் வழங்கும் ஊருக்கு எதனை முதற்பெயராக்குவது, எதனை மாற்றுப்பெயராக்குவது என்பதைக் கல்வெட்டும் இலக்கியமும் மக்கள் வழக்கும் அறிந்தோரே முடிவுசெய்ய இயலும். களம் திறந்தே உள்ளது; பல ஊர்களுக்கு அது இன்னும் நிரப்பப்படவில்லை.